ஜெர்மனி கார் தொழிற்சாலைகளில் 'குர்ட்ஸ்ஆர்பைட்'

ஆர்டர் குறைந்தால் ஆளைக் குறைப்பதுதான் நிர்வாகங்களின் முதல் யோசனை. ஜெர்மனியில் 'குர்ட்ஸ்ஆர்பைட்' (குறைந்த நேர வேலை) என்று இன்னொரு வழி உண்டு: ஆளை விடாதே, வேலை நேரத்தைக் குறை, இழந்த சம்பளத்தில் பெரும்பகுதியை அரசு வேலைவாய்ப்பு முகமை தரும். 2009 நெருக்கடியில் கார், உதிரிபாக ஆலைகளின் வேலைகளைக் காத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

கணக்கு இதுதான். வழக்கமாகக் கைக்கு வருவது 2,400 யூரோ, நேரம் குறைந்த மாதத்தில் 1,400 என்று வையுங்கள். இழப்பு 1,000. அதில் 60 சதவீதம், பிள்ளை இருந்தால் 67 சதவீதம் கிடைக்கும். நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு முகமையிடம் வாங்கிக்கொள்ளும்.

வழக்கமான விதிப்படி, மூன்றில் ஒரு பங்கு தொழிலாளர்களுக்காவது மொத்தச் சம்பளத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இழப்பு இருக்க வேண்டும். தொழிலாளர் குழுவோடு ஒப்பந்தம் போட்டு, நேரக் குறைப்பு தொடங்கும் அந்த மாதத்துக்குள்ளேயே முகமைக்கு அறிவிக்க வேண்டும். சின்ன உதிரிபாகக் கம்பெனிகள் சறுக்குவது இங்கேதான். அறிவிப்பு அடுத்த மாதம் போனால் முந்தைய மாதத்துக்குக் காசு கிடையாது.

தொழிலாளிக்கு ஒரு எச்சரிக்கை: இந்தத் தொகைக்கு வரி இல்லை, ஆனால் மற்ற வருமானத்தின் வரி விகிதத்தை இது ஏற்றிவிடும். வருஷத்துக்கு 410 யூரோவைத் தாண்டினால் வரிக் கணக்குத் தாக்கல் கட்டாயம். கொஞ்சம் பணத்தை ஒதுக்கி வையுங்கள்.

இஞ்சின் பாகங்களே வேண்டாம் என்று மின்சாரக் கார் வந்து நிற்கும்போது நேரக் குறைப்பு மட்டும் போதாது, தொழிலாளி புது வேலை கற்க வேண்டும். அப்படிக் கற்கும் நேரத்தில் இழக்கும் சம்பளத்துக்காக 2024 ஏப்ரல் முதல் இருக்கும் பயிற்சிக் கால உதவித்தொகையும் அதே 60, 67 சதவீதம்தான். பயிற்சி 120 மணி நேரத்தைத் தாண்ட வேண்டும்.