மதராஸ் சிப்பாய்க்குத் தோல் நிறம் கலந்த கதை

பொம்மைச் சிப்பாய்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை போன ஜூனில் ஆரம்பித்தது. இந்த வாரத்தோடு 72 சிப்பாய்கள் முடிந்தார்கள், இன்னும் 8 பேர் பாக்கி. எல்லாம் 28 மில்லிமீட்டர் உலோகப் பொம்மைகள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், ஒரு தடவைக்கு எட்டுப் பொம்மை, மாதத்துக்கு ஒரு எட்டு. இதற்கு மேல் வேகம் காட்டப் பார்த்தபோதெல்லாம் ஒரு வாரத்தில் அலுத்துப்போய் பிரஷ்ஷைக் கீழே வைத்திருக்கிறேன்.

மேசைப் போர் விளையாட்டுக்காக நான் சேர்க்கும் படை, 1803 செப்டம்பர் 23 அன்று அசாயே களத்தில் நின்ற மதராஸ் காலாட்படை. அசாயே இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் இருக்கிறது. சிந்தியா, பேரார் என்ற மராத்திய அரசர்களின் சேனைகளை ஆர்தர் வெல்லெஸ்லி, அதாவது பின்னாளைய வெலிங்டன் பிரபு, அங்கேதான் எதிர்கொண்டார். ஆற்றைக் கடக்கத் துறையே கிடையாது என்று வழிகாட்டிகள் சாதித்தார்களாம். இவர் பார்த்தால் இரண்டு கரையிலும் எதிரெதிரே ஊர்கள். இந்த ஊர்க்காரன் அந்த ஊருக்குப் போகாமலா இருப்பான் என்று கணக்குப் போட்டார். துறை இருந்தது. கும்பினிப் படையில், அதாவது வெல்லெஸ்லி நடத்திய கிழக்கிந்தியக் கம்பெனிப் பக்கத்தில், செத்தவர்களும் காயம்பட்டவர்களும் 1,500க்கு மேல். தான் நடத்திய சண்டைகளிலேயே சிறந்தது எது என்று பிற்காலத்தில் கேட்டபோது, நெப்போலியனைத் தோற்கடித்த வாட்டர்லூவை விட்டுவிட்டு அசாயே என்றுதான் சொன்னார்.

அந்தப் போரைப் பற்றிப் படித்தால் 74, 78 என்ற இரண்டு ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்களின் புகழ்தான் பக்கம் பக்கமாக வருகிறது. அதே பீரங்கிகளுக்கு எதிரே நடந்துபோன மதராஸ் பட்டாலியன்களுக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள், தெற்கத்தி முஸ்லிம்கள் என்று நம் பக்கத்து ஆட்கள். அதனால்தான் முதலில் இவர்கள். நாலு பட்டாலியன், ஒவ்வொன்றுக்கும் 20 பொம்மை.

முதல் எட்டிலேயே சிக்கல். பெயின்ட் பெட்டியில் 'சதை நிறம்' என்று ஒரு பாட்டில் இருந்தது. திறந்தால் ரோஸ். அதைப் பூசினால் சிப்பாய் லண்டனிலிருந்து நேற்றுதான் கப்பலில் வந்து இறங்கியவன் மாதிரி இருந்தான். சரி, வெறும் பிரவுன் அடித்தேன், மரப்பாச்சி ஆகிவிட்டான். மேட்டுப் பகுதிகளை எடுத்துக்காட்ட அந்தப் பிரவுனில் வெள்ளை கலந்ததும் முகமெல்லாம் சாம்பல் பூத்தது. வெள்ளைதான் வில்லன் என்று புரியவே மூன்று வாரம் ஆனது.

இப்போது செய்வது இது. அடர் பிரவுனில் ஒரு சொட்டுச் சிவப்பு விட்டு அடிப்பூச்சு. அடுத்து அதிலேயே மஞ்சள் காவி சேர்த்து மூக்கு, கன்னம், முழங்கால். கடைசியில் கொஞ்சம் ஆரஞ்சு கலந்து மூக்கு நுனியில் ஒரு புள்ளி. வெள்ளை கிட்டேயே வரக்கூடாது. என் கையை விளக்கடியில் நீட்டி வைத்துப் பார்த்துத்தான் கலந்தேன். எட்டுப் பேரும் ஒரே நிறமாக இருந்தால் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் என்பதால் மூன்று கலவை வைத்திருக்கிறேன்.

இவர்களுக்குத் தோல் சரியாக வராவிட்டால் வேறு எதை வைத்தும் மறைக்க முடியாது. மேலே சிவப்புக் கோட்டு, தலையில் கருநீலத் தலைப்பாகை, இடுப்பில் வெள்ளை அரை டிராயர், அதற்குக் கீழே வெறுங்கால், செருப்பு. அந்த டிராயர் விளிம்பில் பல்பல்லாக நீல வேலைப்பாடு. நீலத்தில் பல் போடப் போனால் கை நடுங்கிக் கோணும். முதலில் நீலப்பட்டை ஒன்றை இழுத்துவிட்டு, மேலிருந்து வெள்ளையால் சின்னச் சின்ன முக்கோணம் வெட்டினால் ஒழுங்காக வரும். இந்த யோசனை முப்பதாவது ஆளில்தான் உதித்தது. முதல் முப்பது பேரும் பின்வரிசையில் நிற்பார்கள்.

நவராத்திரிக்கு அம்மா ஒரு பட்டாலியனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கொலுப்படியில் பேண்டு செட் பொம்மைக்குப் பக்கத்தில் 18 பேர் நின்றார்கள். "இதென்னடா, பேண்ட் போடாமலா சண்டைக்குப் போனாங்க?" என்றார். போட்டுக்கொண்டு வெயிலில் நடந்த வெள்ளைக்காரன் பாடுதான் திண்டாட்டமாக இருந்திருக்கும் என்றேன்.

நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் பெயின்ட் தட்டில் விட்ட ஐந்தாவது நிமிஷம் தோலாகிவிடும். ஃபேன் போட்டால் இன்னும் மோசம். பழைய டிபன் பாக்ஸில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன்மேல் பட்டர் பேப்பர், அதில் பெயின்ட். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கிறது. ஆனால் நவம்பரில் பிரச்சினை ஈரமாகவே வந்தது. மழை விட்ட ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் 16 பேருக்கு மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன். பத்து நிமிஷத்தில் எல்லோர் மேலும் வெள்ளைப் பூஞ்சை மாதிரி படலம். இரண்டு மாத வேலை. அன்று ராத்திரி யாரிடமும் பேசவில்லை. மறுநாள் ஒருவன்மேல் மட்டும் பளபளப்பு வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசிப் பார்த்தேன். நிறம் கண்ணெதிரே திரும்பி வந்தது. பதினாறு பேருக்கும் அதையே செய்து, காய்ந்தபின் மேட் வார்னிஷையும் பிரஷ்ஷாலேயே பூசினேன். இனி மழை நாளில் ஸ்பிரே டப்பாவைத் தொடுவதில்லை.

பொம்மை நிற்கும் தரைக்கு ஒரு வார்த்தை. இந்தியா என்றாலே மஞ்சள் புழுதி தீட்டும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அசாயே இருப்பது கரிசல் மண் பூமி, சண்டை நடந்தது செப்டம்பரில். காய வைத்த டீத்தூள் சக்கையைப் பசையில் ஒட்டி, கறுப்பும் பிரவுனும் அடித்து, மேலே பச்சைப் புல் தூவினேன். எனக்குத் திருப்தி.

பாக்கி 8 பேரும் வெள்ளைக்கார அதிகாரிகள், பட்டாலியனுக்கு இரண்டு பேர். வேண்டுமென்றேதான் கடைசிக்கு விட்டேன். நேற்று ராத்திரி அந்த ரோஸ் பாட்டிலைத் தேடி எடுத்தேன். ஜூனிலிருந்து தொடாததில் மூடி இறுகிப்போய், வெந்நீரில் போட்ட பிறகுதான் திறந்தது.