மதுரையில் ஒரு நத்தார்

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் வளர்ந்தவர்களுக்கு மதுரை புதிய பெயர் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்துவந்த அமெரிக்க மிஷனரிகள்தான் 1834இல் கடல் தாண்டி வந்து மதுரை மிஷனைத் தொடங்கினார்கள். 1881இல் பசுமலையில் அமெரிக்கன் கல்லூரி உருவானதும் அந்த மிஷனால்தான். இரண்டு ஊரும் இன்றைக்கும் தென்னிந்தியத் திருச்சபைக்குள் இருக்கின்றன. அதனால் ஊழியப் பயிற்சிக்கு என்னை இங்கே அனுப்பியபோது உறவுக்காரர் வீட்டுக்குப் போகிற மாதிரிதான் கிளம்பினேன்.

பாட்டும் ஜெபமும் பழகியவைதான். பண்டிகை நடக்கும் விதம் வேறு. எங்கள் வீட்டில் நத்தார், அதாவது கிறிஸ்மஸ், என்றால் ஆலயம், பிறகு அம்மம்மா வீட்டுச் சாப்பாடு. மதுரையில் அது தெருவுக்கே வந்துவிடுகிறது.

முதலில் சபைக்குக் குடில் பொம்மை வாங்க விளாச்சேரிக்குக் கூட்டிப்போனார்கள். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்து ஊர். தலைமுறை தலைமுறையாக மண்ணில் வேலை செய்கிறவர்கள். நவராத்திரிக் கொலு வேலை முடிந்த கையோடு குடில் பொம்மைக்கு மாறிவிடுகிறார்கள். வாசலெல்லாம் மரியாள், யோசேப்பு, மேய்ப்பர்கள், மூன்று சாஸ்திரிகள். வர்ணம் பூசாத ஒட்டகங்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்திலேயே போன பருவத்தில் மீந்த கிருஷ்ணரும் பிள்ளையாரும். நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஓர் அம்மா, தரையில் உட்கார்ந்து பாலன் இயேசுவுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் ஒரு கண். அதை முடிக்கும்வரை எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கவனத்தை நான் பக்தி என்றே சொல்வேன். கட்டித் தரும்போது, "தம்பி, பாலனை மட்டும் தனியா வைக்கோல்ல சுத்தி மடியில வச்சுக்கங்க, விரல் ஒடிஞ்சுரும்" என்றார். அப்படியே மடியில் வைத்துத்தான் கொண்டுவந்தோம்.

அப்புறம் கேரல் ரவுண்ட்ஸ். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வேனில் ஏறினால் விடியும்வரை வீடு வீடாகப் போக வேண்டும். ஒரு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம், கிறிஸ்மஸ் தாத்தாவின் ஆட்டம், பிள்ளைகளுக்கு மிட்டாய். நடுநிசிக்கும் கதவைத் திறந்து முறுக்கும் தேநீரும் கொடுக்கிறார்கள். படுக்கையிலிருந்த ஒரு பாட்டி, தான் சிறு வயதில் பாடிய கீர்த்தனையைக் கேட்டு, கடைசி அடியைக் கூடவே பாடினார். அந்த வீட்டில் எனக்கு ஜெபிக்கக் குரல் வரவில்லை.

மார்கழி மாதம் அல்லவா, நாங்கள் திரும்பும் நேரம் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடிக்கொண்டிருந்தது. வாசல்களில் கோலம் போட்டு நடுவில் பூசணிப்பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வேனைக் கண்டதும் சிலர் கையசைத்தார்கள்.

இருபத்தைந்தாம் தேதி விடியுமுன்னே ஆராதனை. புதுத்துணி, ஆலயம் கொள்ளாத கூட்டம். முடிந்ததும் ஆயர் வீட்டில் தட்டுகள் வரிசையாகத் தயாராயின: கேக், அதிரசம், அச்சு முறுக்கு. "தீபாவளிக்குப் பலகாரம் வந்த வீடு ஒன்னு விடக்கூடாது" என்று ஆயர் அம்மா தெருவாரியாகப் பட்டியல் போட்டிருந்தார். ஒரு வீட்டுத் தாத்தா என்னை உட்கார வைத்து யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் கோயில் தேரைப் பற்றி விசாரித்துத் தீரவில்லை. இன்னும் சில வீடுகள் பாக்கி இருந்தன. சரி, பிரியாணிக்கு முன் முடிப்போம் என்று அடுத்த தட்டை எடுத்துக்கொண்டு ஓடினோம்.