டிரான்சியன்ட் என்று நான் திருத்திய இடம்

நான் சரிபார்த்த ஆங்கில மருத்துவக் கையேடு ஒன்றில் 'டெம்பரரி'யை அடித்துவிட்டு 'டிரான்சியன்ட்' என்று நான் போட்டது சரிதான். அதே பக்கம் நாளைக்கு என் மேசைக்கு வந்தாலும் அதையேதான் செய்வேன் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தத் திருத்தத்தின்போது நடந்த பேச்சு மனதைவிட்டுப் போக மறுக்கிறது. எழுதிப் பார்த்தாலாவது தெளிகிறதா பார்க்கலாம்.

டி.ஐ.ஏ. பற்றிய கையேடு அது. டிரான்சியன்ட் இஸ்கீமிக் அட்டாக். நோயாளியும் வீட்டில் இருப்பவர்களும் படிப்பதற்காக ஆங்கிலத்தில் எழுதியது. மூளையின் ஒரு பகுதிக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டு, பேச்சு குழறும், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போகும், ஒரு கண்ணில் திரை இறங்கியதுபோலப் பார்வை மங்கும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் தானாகவே சரியாகிவிடும். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. சரியாகிவிட்டதே என்று ஆள் வீட்டிலேயே இருந்துவிடுவார். இதைத் தொடர்ந்து பக்கவாதம் வருவதற்கான ஆபத்து முதல் 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். அப்படி உட்கார்ந்திருப்பவரை உடனே மருத்துவமனைக்குக் கிளப்புவதுதான் அந்தக் கையேட்டின் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எழுதியவர் எங்கள் குழுவில் இளையவர். நோயின் பெயரை அப்படியே வைத்துவிட்டு, அறிகுறிகளைச் சொல்லும் வாக்கியங்களில் 'டெம்பரரி' என்று எழுதியிருந்தார். நான் கோடு போட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்? டெம்பரரின்னா எல்லாருக்கும் புரியும்."

"ஒண்ணு இல்லம்மா. டெம்பரரின்னா யாரோ ஏற்பாடு பண்ணி வெச்ச மாதிரி ஆயிடும்."

இதை நான் ஏதோ பிடிவாதத்தில் சொல்லவில்லை. டெம்பரரி வேலை, டெம்பரரி பாலம், பல் மருத்துவர் வைக்கும் டெம்பரரி ஃபில்லிங். எல்லாவற்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் இருக்கிறார், அடுத்து நிலையான ஒன்று வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பும் இருக்கிறது. நம் 'தற்காலிக'த்துக்கும் அந்த வாடை உண்டு. தற்காலிக ஊழியர், தற்காலிகக் கொட்டகை என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். டிரான்சியன்ட் அப்படி இல்லை. அதன் லத்தீன் வேருக்குக் கடந்து போவது என்று பொருள். யாரும் வைக்கவில்லை, யாரும் எடுக்கவில்லை, தானாக வந்து தானாகப் போகிறது. மின்சாரத் துறையில் மைக்ரோ விநாடிகளில் வந்து போகும் மின்னழுத்த எகிறலை டிரான்சியன்ட் என்பார்கள். அது போய்விடும், ஆனால் போகும்போது கருவியைச் சுட்டுவிட்டும் போகலாம். எனக்கு டி.ஐ.ஏ.வுக்கு வேண்டியிருந்தது அந்தச் சாயல்தான். 'ஃப்ளீட்டிங்' என்று போட்டால் ஒரு நினைப்போ ஒரு புன்னகையோ வந்துபோனதைப்போல லேசாகிவிடும். 'மொமன்டரி' என்றால் கண் இமைக்கும் நேரம் என்று நினைத்துக்கொண்டு, பதினைந்து நிமிடம் பேச்சு குழறியவர் இது நமக்கானது இல்லை என்று புரட்டிவிடுவார்.

இத்தனையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் அவர் சொன்னதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

"மேடம், போன மாசம் பிறந்த குழந்தைகளுக்கான கையேடு போட்டோமே. அதுல டிரான்சியன்ட் டாக்கிப்னியா இருக்கு. அங்க அந்த வார்த்தை பயப்படாதீங்கன்னு சொல்லுது. இங்க பயப்படுங்கன்னு சொல்லணும்ங்கறீங்க. ரெண்டையும் அதே வார்த்தை எப்படி மேடம் சொல்லும்?"

அவர் சொன்ன உதாரணம் மிகச் சரியானது. பிறந்தவுடன் சில குழந்தைகளுக்கு மூச்சு வேகமாக வாங்கும். கருவில் இருந்தபோது நுரையீரலில் நிறைந்திருந்த திரவம் வடியத் தாமதமாவதுதான் காரணம். கண்காணிப்பில் வைத்திருந்தால் பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள் சரியாகிவிடும். தாய்க்கு அங்கே டிரான்சியன்ட் என்பது ஆறுதல். பக்கவாதத்தின் வாசலில் நிற்பவருக்கு அதே சொல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன். என்னிடம் பதில் இல்லை. "அங்க அது நோயோட பெயர், மாத்த முடியாது" என்று ஏதோ சொன்னேன். டி.ஐ.ஏ.வும் நோயின் பெயர்தான். அதை அவர் எடுத்துக்காட்டவில்லை. "சரி மேடம்" என்றார். பக்கம் அச்சுக்குப் போனது.

அந்த 'சரி' எதற்கு என்று இப்போதும் யோசிக்கிறேன். என் விளக்கம் அவருக்கு ஏற்புடையதாக இருந்ததா, அல்லது கடைசிக் கையெழுத்து என்னுடையது என்பதாலா? கேட்டிருக்கலாம். அச்சுக்கு அனுப்ப வேண்டிய நாளில் அப்படியெல்லாம் கேட்க நேரம் இருப்பதில்லை என்பதும் உண்மை.

பிறகு இதைப் பற்றிப் படிக்கப் படிக்க, இருவருமே கேள்வியைச் சரியான இடத்தில் வைக்கவில்லையோ என்று தோன்ற ஆரம்பித்தது. டி.ஐ.ஏ.வுக்குப் பல காலமாக இருந்த வரையறை கடிகாரத்தைப் பார்த்தது. 24 மணி நேரத்துக்குள் அறிகுறி மறைந்தால் டி.ஐ.ஏ., மறையாவிட்டால் பக்கவாதம். எம்.ஆர்.ஐ. வந்த பிறகு, சில மணி நேரத்திலேயே சரியாகிப்போனவர்களில் பலருக்கும் மூளைத் திசு செத்த தடம் தெரிந்தது. 2009-இல் அமெரிக்க இதய, பக்கவாதச் சங்கங்கள் வரையறையைத் திருத்தின. எவ்வளவு நேரம் நீடித்தது என்பது போய், திசு அழிந்திருக்கிறதா இல்லையா என்பது வந்தது. சொல் மாறவில்லை. அது அளக்கும் பொருள் மாறிவிட்டது.

இதேபோன்ற இன்னொன்று 2021-இல் நடந்தது. அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் ஜெரோம் பவல் அந்த ஆண்டின் விலைவாசி உயர்வை, டிரான்சியன்டின் உறவுச் சொல்லான 'டிரான்சிட்டரி' என்று சொல்லிவந்தார். நவம்பர் 30 அன்று செனட் குழுவின் முன் அமர்ந்து, அந்தச் சொல்லுக்கு ஓய்வு கொடுக்கும் நேரம் வந்துவிட்டது என்றார். பலருக்கு அது கொஞ்ச காலமே இருக்கும் என்ற பொருளைத் தருகிறது, நாங்கள் சொன்னது நிரந்தரத் தடம் விடாது என்பதை என்று விளக்கமும் கொடுத்தார். 2022 ஜூனில் அங்கே பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. சொல்பவர் தடத்தைப் பற்றிப் பேசினார், கேட்டவர்கள் நாட்காட்டியைப் பார்த்தார்கள். உலகமே உற்றுக் கேட்கும் ஒருவர் சொன்னதே இப்படி ஆகிறது என்றால், மருத்துவமனை வரவேற்பறையில் கையேட்டைப் புரட்டும் ஒருவர் டெம்பரரிக்கும் டிரான்சியன்டுக்கும் நடுவில் நான் கேட்கும் அந்த மெல்லிய வேறுபாட்டைக் கேட்பார் என்று எதை வைத்து நம்பினேன்?

ஆனாலும் இங்கேயே நின்றுவிட முடியவில்லை. வேறுபாடு இல்லவே இல்லை என்றால் இத்தனை சொற்கள் ஏன் தங்கியிருக்கின்றன? 'எஃபெமரல்' ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். கிரேக்கத்தில் ஒரு நாள் மட்டும் இருப்பது என்று பொருள். மேஃபிளை பூச்சி இனத்துக்கே அந்தப் பெயர்தான், எஃபெமராப்டெரா. சிறகு முளைத்த பிறகு சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோதான் உயிர்வாழும். அதற்கு முன் நீருக்கடியில் மாதக்கணக்கில் வளர்ந்திருக்கும், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மாடுகளுக்கு வரும் எஃபெமரல் காய்ச்சலுக்கு இன்னொரு பெயர் மூன்று நாள் நோய். சொல்லின் வேர் ஒரு நாள் என்கிறது, நோய் மூன்று நாள் இருக்கிறது, யாருக்கும் குழப்பம் வரவில்லை. வேரைத் தோண்டி நான் கொடுத்த விளக்கம் முழுவதையும் இந்த மாட்டுக் காய்ச்சல் ஒன்றே ஆட்டிப் பார்க்கிறது. அதேசமயம், டி.ஐ.ஏ.வை யாராவது எஃபெமரல் என்று எழுதினால் எனக்குக் காது கூசும். அதன் ஆயுளே அவ்வளவுதான் என்ற தொனி அதில் இருக்கிறது. டி.ஐ.ஏ.வின் கதை அது போனதோடு முடிவதில்லை.

ஆக, வேறுபாடு இருக்கிறது என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இல்லை. அது படிப்பவரிடம் போய்ச் சேருகிறதா என்பதில்தான் சந்தேகம். அந்தப் பக்கத்தில் டிரான்சியன்டுக்கு அடுத்த வாக்கியமாக, அறிகுறி மறைந்தாலும் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள் என்று தடித்த எழுத்தில் இருந்தது. அது அந்தப் பெண் எழுதியது. நான் அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. எச்சரிக்கையை யார் சொன்னது, என் சொல்லா அவர் வாக்கியமா என்று கேட்டால், நேர்மையான பதில் அவர் வாக்கியம் என்பதுதான். அப்படியானால் டெம்பரரி என்றே இருந்திருந்தாலும் குடிமுழுகியிருக்காது. அதை ஒப்புக்கொண்டுவிட்டு மறுபடி அந்த வரியைப் படித்தால், டெம்பரரி அங்கே பொருந்தவில்லை என்றே படுகிறது. யாரும் வரச் சொல்லாமல் வந்த ஒன்றுக்கு அந்தச் சொல்லைப் போட என் கை ஒப்பவில்லை.

அண்மையில் ஸ்டில்ஸ் நோய் பற்றிய கையேடு வந்தது. காய்ச்சல் ஏறும்போது இளஞ்சிவப்பாகத் தோன்றி, இறங்கும்போது மங்கிப்போகும் தடிப்புகள் அந்த நோயில் உண்டு. மருத்துவ நூல்களில் அதற்கு 'எவனெசன்ட்' என்றுதான் இருக்கும். விளிம்பு கரைந்து மெல்ல இல்லாமல் போவதற்கு ஆங்கிலத்தில் அதைவிடப் பொருத்தமான சொல்லை நான் பார்த்ததில்லை. அதே இளையவர் இந்தக் கையேட்டில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, காய்ச்சலோடு வரும், காய்ச்சலோடு போகும், மருத்துவரைப் பார்க்கும் நேரத்தில் இல்லாமலும் இருக்கலாம், அதனால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். எவனெசன்டைத் திரும்பப் போடலாமா என்று வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். போடவில்லை. டி.ஐ.ஏ. கையேட்டின் அடுத்த பதிப்பு வரும்போது என்ன செய்வேன் என்பதை மட்டும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.