அறுந்தது பெல்ட், அறுத்தது வேறு

பிப்ரவரி 11, மாலை

மதியம் ஒரு நீண்ட ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தபோது பானெட்டுக்குள் யாரோ சாட்டையை வீசின மாதிரி படபடவென்று சத்தம். சில நொடிதான், அப்புறம் அடங்கிவிட்டது. கூடவே டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. தம்பிதான் ஓட்டிக்கொண்டிருந்தான். "ஸ்டீயரிங் இறுகிப்போச்சுண்ணா" என்றான். இறுகவில்லை, அதற்கு உதவி செய்துகொண்டிருந்த பம்ப் நின்றுவிட்டது. பலம் கொடுத்துத் திருப்பினால் திரும்பும் என்று சொன்னேன். ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, உடனே இன்ஜினை அணைத்தான். நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு வந்தோம்.

பேட்டரி விளக்கும் கனத்த ஸ்டீயரிங்கும் ஒரே நேரத்தில் வந்தால் பெல்ட் போய்விட்டது என்று ஏறக்குறைய முடிவே செய்துவிடலாம். பழைய பழக்கத்தில் எல்லோரும் ஃபேன் பெல்ட் என்கிறோம். இன்றைய கார்களில் ரேடியேட்டர் ஃபேன் பெரும்பாலும் தனி மோட்டாரில் சுற்றுகிறது. பெல்ட் சுற்றுவது மற்றதையெல்லாம்: பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், ஹைட்ராலிக் ஸ்டீயரிங் பம்ப், பல வண்டிகளில் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டை ஓட வைக்கும் வாட்டர் பம்ப். எங்கள் வண்டியில் நான்குமே அந்த ஒரே பெல்டில்தான்.

வெப்பமுள் நடுவிலேயே இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தம்பி, அடுத்த ஊர் வரை மெதுவாக உருட்டிக்கொண்டு போய்விடலாமே என்று கேட்டான். கேட்கத்தான் தோன்றும். ஆனால் வாட்டர் பம்ப் நின்றுவிட்டால் அந்த முள்ளை நம்ப முடியாது. கூலன்ட் ஓடினால்தான் சென்சாருக்கு உள்ளே நடப்பது தெரியும். ஓட்டம் நின்றதும் சிலிண்டர் ஹெட்டில் சூடு ஓரிடத்திலேயே தேங்கும், முள் அதைத் தாமதமாகத்தான் காட்டும். அதற்குள் அலுமினிய ஹெட் வளைந்துவிடலாம், கேஸ்கெட் போய்விடலாம். ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டால் சூடு இறங்கும் என்று சொல்வார்கள். மற்ற நேரத்தில் அது உண்மை. பம்ப்பே ஓடாதபோது ஹீட்டருக்குச் சுடுநீர் எங்கிருந்து வரும்?

சில வண்டிகளில் வாட்டர் பம்ப் டைமிங் பெல்டில் ஓடும், அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் இயங்க வைக்கிற, கவருக்குள் இருக்கும் வேறொரு பெல்டில். அந்த மாதிரி வண்டி என்றால், விளக்கு, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரியில் இருக்கும் மின்சாரத்தை வைத்துக் கொஞ்ச தூரம் போகலாம். தன் வண்டி எந்த வகை என்று கிளம்புவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சாலையோரத்தில் நின்றுகொண்டு ஊகிக்கிற விஷயம் இல்லை. ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே பிரேக்குக்கான வேக்யூம் பம்ப் வைத்த டீசல் வண்டிகளும் உண்டு. அவற்றில் பெல்ட் அறுந்தால் பிரேக் மிதியும் கல்லாகிவிடும், ஓட்டவே கூடாது.

சூடு இறங்கும்வரை எதையும் தொடவில்லை. ரேடியேட்டர் மூடி அழுத்தம் கொடுத்து வைத்திருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் போன அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும்.

பிறகு பானெட்டைத் திறந்து பார்த்தேன். பெல்டின் ஒரு முனை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. இன்ஜின் நேரடியாகச் சுழற்றும் கிராங்க் புல்லியைச் சுற்றிக் கறுப்பு நூல்கள் சிக்கலாக இறுகிக் கிடந்தன. ரப்பருக்குள் இருக்கும் பாலியஸ்டர் இழைகள் அவை, இழுவிசையைத் தாங்குவதே அவைதான். டைமிங் பெல்ட் அறுந்திருந்தால் இன்ஜின் அந்த இடத்திலேயே நின்றிருக்கும். நாங்கள் அணைக்கும்வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஒரு விஷயம் பெரிய நிம்மதி. டைமிங் பெல்டோ என்று சந்தேகம் வந்தாலே செல்ஃப் அடித்துப் பார்க்கக் கூடாது. பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் சேதம் கூடும்.

கயிறு கட்டி இழுக்க ஒருவர் முன்வந்தார். நல்ல மனசு. ஆனாலும் வேண்டாம் என்றோம். இன்ஜின் அணைந்திருக்கும்போது பிரேக் உதவியும் கிடையாது, ஸ்டீயரிங் உதவியும் கிடையாது, பாதையோ மலைப்பாதை. வண்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகும் லாரி வர நேரமானது, வரட்டும் என்று காத்திருந்தோம்.

அதே நாள், இரவு

வண்டி பட்டறையில், நாங்கள் அறையில். பெல்ட் காலையில்தான் கிடைக்கும்.

அறுந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்து வந்தது நல்லதாகப் போயிற்று. முதுகுப் பக்கத்தில் தேய்ந்த வெள்ளை எழுத்தில் 6PK என்பதும் அதற்குப் பின்னால் நீளமும் தெரிந்தன. 6 என்பது நீளவாக்கில் ஓடும் வரிகளின் எண்ணிக்கை. PK என்பது வரியின் வடிவம், வரிக்கு வரி இடைவெளி 3.56 மில்லிமீட்டர். அடுத்து வருவது மில்லிமீட்டரில் நீளம். வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட இந்த எண்ணைச் சொல்லிக் கேட்பது நிச்சயம். ஒரே மாடலில் ஏசி உள்ளதற்கு ஒரு நீளம், இல்லாததற்கு வேறு நீளம்.

நைலான் காலுறையைப் பெல்டாகக் கட்டி ஓட்டலாம் என்று தம்பி எங்கோ கேள்விப்பட்டிருக்கிறான். ஒற்றை வி வடிவப் பள்ளம் கொண்ட பழைய புல்லிகளில், வாட்டர் பம்ப்பை மட்டும் சுற்ற வைக்க, கொஞ்ச நேரத்துக்கு உதவியிருக்கலாம். எங்கள் பெல்ட் இத்தனை புல்லிகளை வளைந்து வளைந்து சுற்றி, பெல்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் இழுப்பில் ஓடுகிற ஒன்று. முடிச்சுப் போட்ட துணி முதல் வளைவிலேயே நழுவிவிடும்.

பிப்ரவரி 12

காலையில் பெல்ட் வந்துவிட்டது. பட்டறைப் பையன் உறையைப் பிரித்து மாட்டவே போய்விட்டான். பெரியவர் தடுத்தார். "பெல்ட் தானா அறுந்து போகாதுடா. எது அறுத்துச்சுன்னு முதல்ல பாரு" என்றார்.

இரண்டு நாளில் கேட்டவற்றில் உருப்படியான பேச்சு என்றால் இதுதான். அறுந்த துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு ஓரத்து வரி மட்டும் நார் நாராகப் பிய்ந்திருந்தது, மற்ற ஐந்தும் ஓரளவு நன்றாகவே இருந்தன. முதுகுப் பக்கம் வழவழவென்று பளபளத்தது. "ஓரம் மட்டும் தின்னிருக்கு பாருங்க சார். ஏதோ ஒண்ணு கோணலா சுத்தியிருக்கு."

பிறகு ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றினார். ஆல்டர்னேட்டர் சத்தமில்லாமல் சுற்றியது. வாட்டர் பம்ப்பைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை, கசிவுத் தடமும் இல்லை. கம்ப்ரஸர் புல்லியும் சரி. ஐட்லர் புல்லியில் கை வைத்துச் சுண்டியதும் நிறுத்தினார். "நீங்களே சுத்திப் பாருங்க" என்றார். சுற்றினேன். விரலில் கரகரவென்று ஒரு அதிர்வு, உள்ளே மணல் இருக்கிறதோ என்று தோன்றியது. நல்ல பேரிங் சுண்டினால் ஒரே மெல்லிய தடையோடு சுற்றி நிற்கும். இதுவோ தடையே இல்லாமல் தடதடத்துக்கொண்டு சுற்றியது. கிரீஸ் முழுக்க வற்றிவிட்டது. விளிம்பைப் பிடித்து அசைத்தால் பக்கவாட்டில் ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தது. கழற்றிப் பார்த்தபோது பேரிங்கின் மூடி ஒரு பக்கம் துருத்திக்கொண்டு, சுற்றிலும் செம்பழுப்புத் தூள்.

ஐட்லருக்கு எதையும் இயக்குகிற வேலை கிடையாது. பெல்டைத் திசை திருப்பி, மற்ற புல்லிகளை அது நன்றாகச் சுற்றிப் பிடிக்க வைக்கும், அவ்வளவுதான். அதனால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் உழைப்பில் அது குறைந்ததில்லை. கிராங்க் புல்லியின் விட்டம் 150 மில்லிமீட்டர், ஐட்லர் 70 என்று வைத்துக்கொண்டால், இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது இந்தச் சின்னச் சக்கரம் 6,400-க்கு மேல் சுற்றுகிறது. அந்த வேகத்தில் ஆட்டம் கண்ட பேரிங் பெல்டை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஐட்லர் கையிருப்பில் இல்லை, நாளைதான் வரும் என்றார். பையன் ஒரு யோசனை சொன்னான்: பேரிங் மூடியை நெம்பிக் கொஞ்சம் கிரீஸ் அடைத்தால் ஊர் போய்ச் சேரலாம். தம்பிக்கும் அதில் ஆசைதான், போகிற இடத்தில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். பெரியவரிடம் "அண்ணே, உங்க வண்டியா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "மாட்ட மாட்டேன்" என்றார். உருண்டைகள் ஓடும் பாதையே அரித்துப்போன பிறகு கிரீஸ் சத்தத்தைத்தான் அடக்கும். புதுப் பெல்டும் அதே ஓரத்தில் பிய்யத் தொடங்கும்.

தங்குவது என்று முடிவு செய்தோம். தம்பி கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பழைய ஐட்லரைக் கையில் கொடுத்துச் சுற்றச் சொன்னேன். அப்புறம் எதுவும் பேசவில்லை.

பிப்ரவரி 13

ஐட்லர் வந்தது. டென்ஷனரின் ஸ்பிரிங் கையும் தளர்ந்திருக்கிறது, அதையும் மாற்றிவிடலாம் என்றார் பெரியவர். சரி என்றேன்.

மாட்டுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். கிராங்க் புல்லிக்குப் பின்னால் சிக்கியிருந்த நூல்களைக் கொக்கி போட்டுக் கடைசி இழைவரை இழுத்தார். இதற்கே வெகுநேரம் பிடித்தது, அவர் அவசரப்படவில்லை. அந்த இழைகள் உள்ளே நகர்ந்து கிராங்க் ஆயில் சீலைக் கிழித்துவிடுமாம். டைமிங் கவருக்குள் புகுந்தால் இன்னும் மோசம்.

பெல்ட் போகும் பாதையின் படம் பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. வரிப் பக்கம் வரியுள்ள புல்லியில், வழவழப்பான முதுகு வழவழப்பான புல்லியில். ஸ்பேனரால் டென்ஷனரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கடைசிப் புல்லியில் பெல்டை ஏற்றினார். அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்தது. டார்ச்சை எடுத்து ஒவ்வொரு புல்லியிலும் ஆறு வரியும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலை ஓட்டித் தடவினார். கீழே கம்ப்ரஸர் புல்லியில் ஒரு வரி வெளியே நின்றது. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அப்படியே விட்டு ஸ்டார்ட் செய்திருந்தால் புதுப் பெல்டின் ஓரம் அங்கேயே கிழிந்திருக்கும். மறுபடி தளர்த்திச் சரி செய்தார்.

ஸ்டார்ட் செய்ததும் பேட்டரி விளக்கு அணைந்தது. மீட்டரில் 14.2 வோல்ட், ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. கையையும் சட்டையையும் ஒதுக்கி வைத்துக்கொண்டு ஓடும் பெல்டைப் பார்த்தோம். அலையாமல் நேராக ஓடியது, டென்ஷனர் கை துள்ளவில்லை.

பிப்ரவரி 14

காலையில் கிளம்பினோம். முதல் நிறுத்தத்தில் பானெட்டைத் திறந்து பார்த்தேன். புல்லிகளைச் சுற்றி ரப்பர் தூள் இல்லை, கருகின வாடை இல்லை. மாலையில் போய்ச் சேர்ந்தாயிற்று.

பிப்ரவரி 22

வீடு திரும்பிய பிறகு பழைய பெல்டை இன்னொரு முறை பார்த்தேன். வெடிப்பே இல்லை. முன்பு நியோபிரீன் பெல்ட் என்றால் வெடிப்பை எண்ணியே வயதைச் சொல்லிவிடலாம். இப்போது வருவது பெரும்பாலும் EPDM ரப்பர், அது எளிதில் வெடிக்காது. தேயும்போது வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளம் அகலமாகி, வரி பள்ளத்தின் அடியில் முட்டி, பிடிப்பு போய்விடும். கண்ணுக்கு நன்றாக இருக்கும் பெல்ட் அதன் காலத்தைக் கடந்ததாக இருக்கலாம். அதனால் வெடிப்பைத் தேடுவதோடு நிறுத்தக் கூடாது, பெல்டைக் கழற்றுகிற ஒவ்வொரு முறையும் புல்லிகளைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லிக் கேட்கவேண்டும். மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை, அவ்வளவுதான்.

டிக்கியில் இப்போது அதே எண்ணுள்ள இன்னொரு பெல்டும், டென்ஷனருக்குப் பொருந்தும் ஸ்பேனரும், ஒரு டார்ச்சும் இருக்கின்றன. பெல்ட் பாதைப் படத்தைக் கைபேசியில் எடுத்து வைத்திருக்கிறேன், பானெட்டில் ஒட்டியது என்றைக்கு வேண்டுமானாலும் உரியலாம்.

இன்னொரு வேலை பாக்கி. இது பழைய வண்டியாக வாங்கியது. சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் டைமிங் பெல்ட் மாற்றிய பதிவு எங்கேயும் இல்லை. திங்கட்கிழமை வண்டியை அதற்காக விடுகிறேன். அதன் டென்ஷனரையும் ஐட்லரையும் சேர்த்தே மாற்றச் சொல்லியிருக்கிறேன்.