200 நிமிடச் செலவு

ஒரு மேட்ச் 40 நிமிடம், களத்தில் 5 பேர். பெருக்கினால் 200. கல்லூரிக் கூடைப்பந்து அணியின் கோச் கையில் இருக்கும் முதல் இவ்வளவுதான். ஸ்கோர் ஷீட்டில் 12 பேரை எழுதிக் கொடுத்தாலும் அது கூடப்போவதில்லை. மாதச் சம்பளக்காரர் ஒன்றாம் தேதியே வாடகை, பால், பள்ளிக் கட்டணம் என்று பிரித்து வைப்பதைப் போல இந்த 200-ஐயும் மேட்சுக்கு முன்பே பிரித்து வைக்க வேண்டும். வைக்காதவர் மூன்றாவது குவார்ட்டரில் (மேட்சின் நான்கு 10 நிமிடப் பகுதிகளில் ஒன்று) கடன் வாங்குவார். அந்தக் கடனைக் கடைசி 4 நிமிடத்தில், கால் ஓடாத நல்ல பிளேயர்கள் அடைப்பார்கள்.

நம் கல்லூரிகளில் பிளேயர் மாற்றுவது பெரும்பாலும் மூன்று சமயங்களில் நடக்கிறது. ஒருவன் தப்புப் பண்ணுகிறான், கோச்சுக்குக் கோபம் வருகிறது. ஒருவனுக்கு ஃபவுல் ஏறுகிறது, பயம் வருகிறது. ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிகிறான், பரிதாபம் வருகிறது. மூன்றிலும் முடிவை எடுத்தது கோச் அல்ல, நடந்துபோன ஏதோ ஒன்று.

எழுதி வைப்பது பெரிய வேலையில்லை, அரைப் பக்கத் தாள் போதும். சுமாரான ஆழமுள்ள ஓர் அணிக்குக் கணக்கு இப்படி வரலாம்: பாயிண்ட் கார்டு (பந்தை எடுத்துவந்து ஆட்டத்தை நடத்துபவன்) 32, ஷூட்டர் 30, விங் (பக்கவாட்டில் ஆடுபவன்) 28, ஃபார்வர்டு 26, பிவட் (கூடையடியில் ஆடும் உயரமானவன்) 26. மொத்தம் 142. மீதி 58-இல் ஆறாவது ஆளுக்கு 20, ஏழாவதுக்கு 16, எட்டாவதுக்கு 14, இரண்டாவது கார்டுக்கு 8. ஒன்பது பேரோடு 200 தீர்ந்துவிட்டது. பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது ஆளுக்கு இன்று நிமிடம் இல்லை என்பதும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். அதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். ‘இறக்குவார், இறக்குவார்’ என்று 40 நிமிடம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவனின் முகம் அடுத்த நாள் பிராக்டிஸில் தெரியும்.

இந்தக் கணக்கில் ஆபத்தான இடம் அந்த 8 நிமிடம். முதல் கார்டு உட்கார்ந்ததைப் பார்த்ததுமே எதிரணிக் கோச் ஃபுல் கோர்ட் பிரஸ் (களம் முழுக்க நெருக்கிப் பிடிக்கும் டிஃபென்ஸ்) போடுவார். பாலை, அதாவது பந்தை, எடுத்துவரத் தெரியாதவன் கையில் அது சிக்கினால், இரண்டு நிமிடத்தில் 8 புள்ளி போய்விடும். அதனால் எந்த 8 என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இரண்டாவது குவார்ட்டரின் கடைசி நிமிடங்கள் ஆகாது. முதல் குவார்ட்டர் முடிவும் இரண்டாவதின் தொடக்கமும் பரவாயில்லை. அப்போதும் பாலை டிரிபிள் பண்ணத் தெரிந்த விங் அவனோடு களத்தில் இருந்தாக வேண்டும். கார்டும் விங்கும் சேர்ந்து பெஞ்சுக்கு வருவது தாளிலேயே தடை செய்யப்பட வேண்டிய விஷயம்.

ஓய்வை குவார்ட்டர் இடைவேளையை ஒட்டி வைத்தால் அது மலிவாகக் கிடைக்கும். ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி முதல், இரண்டாவது குவார்ட்டர்களுக்கு இடையே 2 நிமிடம். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையிலும் அப்படியே. முதல் குவார்ட்டரில் 1:30 மீதி இருக்கும்போது கார்டை வெளியே எடுத்து, இரண்டாவதில் கடிகாரம் 8:30 காட்டும்போது உள்ளே விட்டால், ஆட்டக் கணக்கில் போனது 3 நிமிடம்தான். அவன் உட்கார்ந்திருந்ததோ இடைவேளையோடு 5 நிமிடம். நடுவில் விசில் ஊதி நின்ற நேரத்தைச் சேர்த்தால் 7 கூட வரும். அதே 3 நிமிடத்தைக் குவார்ட்டரின் நடுவில் கொடுத்தால் பாதிப் பலன்தான். மேன்-டு-மேன் (ஆளுக்கு ஆள் பிடிக்கும்) டிஃபென்ஸ் ஆடும் அணியில் ஒருவனைத் தொடர்ந்து 6, 7 நிமிடத்துக்கு மேல் ஓட விட்டால் அடுத்து வருவது பெரும்பாலும் கைநீட்டி வாங்கும் ஃபவுல்.

களைப்பு பேச்சில் வராது. கல்லூரிப் பையனிடம் “என்னடா, முடியுதா?” என்று கேட்டால், “முடியும் சார்” என்பான். சாகப் போகிறவனும் அதையே சொல்வான். கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். ஃப்ரீ த்ரோ ரிங்கின் முன்விளிம்பில் பட்டு விழுகிறதா? கால் போய்விட்டது. டிஃபென்ஸில் நகர வேண்டிய இடத்தில் கை மட்டும் நீளுகிறதா? அதுவும் கால்தான். பால் பறிபோனதும் திரும்பி ஓடாமல் ஒரு நொடி ரெஃப்ரியைப் பார்க்கிறானா? அந்த ஒரு நொடி ஓய்வுக்காகத்தான்.

வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் கோச்சாக இருந்த டீன் ஸ்மித் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். களைத்தவன் கை முஷ்டியை உயர்த்திக் காட்டலாம். அப்படித் தானே கேட்டு வெளியே வந்தவன், மூச்சு வாங்கியதும் தானே சொல்லி உள்ளே போகலாம். களைப்பை மறைத்து, கோச் கண்டுபிடித்து எடுத்தால், எப்போது திரும்ப விடுவது என்பது கோச்சின் முடிவு. உண்மையைச் சொன்னவனுக்கு நிமிடம் பத்திரம். நம் பையன்கள் முஷ்டியைத் தூக்காததற்குக் காரணம் வீரம் அல்ல, வெளியே போனால் திரும்ப விடமாட்டார் என்ற பயம். பயத்தை எடுத்தால் முஷ்டி தானாக எழும்.

இனி டேபிள் சமாச்சாரம். எதிரணியைவிட இதில் தோற்கும் கோச்சுகள் நிறைய. பெஞ்சிலிருந்து “சார், சப்!” என்று கோச் கத்தினால் செல்லாது. மாற்று ஆட்டக்காரன்தான் ஸ்கோரர் டேபிளுக்குப் போய்க் கேட்க வேண்டும், அல்லது அதற்கான நாற்காலியில் உட்கார வேண்டும். உடனே ஆடத் தயாராகவும் இருக்க வேண்டும். மேலே போட்ட டி-ஷர்ட்டைக் கழற்றிக்கொண்டோ ஷூ லேஸைக் கட்டிக்கொண்டோ நிற்பவனுக்காக ஆட்டம் காத்திருக்காது. டைம்-அவுட் வேறு கதை. அதைக் கோச்சோ முதல் உதவிக் கோச்சோதான் கேட்க முடியும்.

இன்னொன்று, நம் ஆட்டத்தில் கூடை விழுந்தாலும் கடிகாரம் ஓடும். நான்காவது குவார்ட்டரின் கடைசி 2 நிமிடத்திலும் ஓவர்டைமின் கடைசி 2 நிமிடத்திலும் மட்டுமே கூடைக்குப் பின் நிற்கும். விசிலே இல்லாமல் இரண்டு நிமிடம் ஆட்டம் ஓடுவது சகஜம். 5:00-க்கு மாற்ற நினைத்தால் 6:00-க்கே ஆளை டேபிளில் உட்கார வைக்க வேண்டும். ஃப்ரீ த்ரோ சமயத்தில் இன்னும் கவனம் தேவை. முதல் ஃப்ரீ த்ரோவுக்கு பால் கைக்கு வருமுன் மாற்றலாம், கடைசி ஃப்ரீ த்ரோ விழுந்தாலும் மாற்றலாம். கடைசி பால் விழாமல் ரிங்கில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் உயிரோடு இருக்கிறது, ஆள் நாற்காலியிலேயே இருப்பான். எழுபது சதவீதம் போடாத பையன் லைனில் நிற்கும்போது ‘இது விழுந்ததும் மாத்திக்கலாம்’ என்று ஒத்திப்போடுவது சூதாட்டம்.

ஃபவுல் விஷயத்தில் ஊரெல்லாம் ஒரே வாய்ப்பாடு: முதல் பாதியில் 2 வாங்கினால் உட்கார், மூன்றாவது குவார்ட்டரில் 4 வாங்கினால் உட்கார். கெட்ட வாய்ப்பாடு என்று சொல்ல முடியாது, ஆனால் அதன் கணக்கைப் பார்ப்பவர் குறைவு. ஐந்தாவது ஃபவுலில் வெளியே போனால் சில நிமிடம் இழப்போம் என்று பயந்து, அவனைப் பன்னிரண்டு நிமிடம் நாமே உட்கார வைக்கிறோம். திருடன் வருவான் என்று நகையைக் கிணற்றில் போட்ட கதை. 4 ஃபவுலோடு பெஞ்சிலேயே மேட்ச் முடிந்தவன், வாங்காமல் விட்ட அந்த ஐந்தாவது ஃபவுலால் அணிக்கு ஒரு லாபமும் இல்லை.

எண்ணிக்கையோடு ஃபவுலின் வகையையும் பார்க்க வேண்டும். ரீபவுண்டுக்குக் குதித்து இடித்தது ஒரு வகை. அது மறுபடி நடக்கலாம், நடக்காமலும் போகலாம். டிரிபிள் பண்ணுகிறவன் கையைத் தட்டிக்கொண்டே இருப்பது இன்னொரு வகை. அவன் களைத்திருக்கிறான், அல்லது தன்னைவிட வேகமானவனைப் பிடித்திருக்கிறான். முதல்வனை விட்டுவைக்கலாம். இரண்டாமவனை வெளியே எடுக்கும் முன் அவன் பிடித்த ஆளை மாற்றிப் பார்க்கலாம், இரண்டு மூன்று முறை ஜோனுக்கு (ஆளைப் பிடிக்காமல் இடத்தைக் காக்கும் டிஃபென்ஸ்) போய்ப் பார்க்கலாம். பிவட்டுக்கு மட்டும் கொஞ்சம் கஞ்சத்தனம் நியாயம். பெரும்பாலான கல்லூரி அணிகளில் இரண்டாவது பிவட் என்று ஒருவர் இருப்பதேயில்லை. உயரமான ஃபார்வர்டு ஒருவன் அந்த வேடத்தைப் போடுகிறான்.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தை யூடியூபில் பார்த்து அப்படியே எடுத்துவருவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. அங்கே ஆண்கள் ஆட்டம் 20 நிமிடப் பாதிகள் இரண்டு. பெண்கள் மட்டும் 2015-16 முதல் நான்கு குவார்ட்டர் ஆடுகிறார்கள். ஆண்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு பாதியிலும் 16, 12, 8, 4 நிமிடங்களுக்குக் கீழே கடிகாரம் போனபின் வரும் முதல் நிறுத்தத்தில் தொலைக்காட்சிக்கான டைம்-அவுட் உண்டு. அங்குள்ள கோச்சுகள் அந்த நிறுத்தங்களை ஒட்டித்தான் ஆள் மாற்றுகிறார்கள், அதனால் அவர்களின் ஐந்து பேருக்கு இலவச ஓய்வு கிடைக்கிறது. நமக்கோ முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3 டைம்-அவுட். அந்த மூன்றிலும் ஒன்றையாவது நான்காவது குவார்ட்டரில் 2:00 வருமுன் எடுக்காவிட்டால் அது போய்விடும். அவர்கள் அட்டவணை நம் கடிகாரத்தில் உட்காராது.

2014-15-இல் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் கோச் ஜான் கலிபாரி ஐந்து ஐந்து பேராக இரண்டு குழு வைத்து மாற்றினார். 38 மேட்ச் தொடர்ந்து ஜெயித்து, தேசியப் போட்டியின் அரையிறுதியில் விஸ்கான்சினிடம் தோற்றது அந்த அணி. அவரிடம் வேறெங்கும் முதல் ஐந்தில் ஆடக்கூடிய பத்துப் பேர் இருந்தார்கள். அயோவாவில் உள்ள கிரின்னெல் என்ற சிறு கல்லூரி, ஐஸ் ஹாக்கி மாதிரி சுமார் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஐவரையும் மாற்றும். காரணம், 40 நிமிடமும் பிரஸ் போட்டு, கிடைத்த வேகத்தில் ஷூட் பண்ணுவதே அவர்கள் ஆட்டம். இரண்டிலும் மாற்றும் முறை ஆடும் முறையிலிருந்து பிறந்தது. மூன்று நல்ல பிளேயரும் ஒன்பது உழைப்பாளிகளும் உள்ள அணி ஐவரையும் ஒன்றாக மாற்றினால், மூவரும் ஒரே சமயத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். மூவரில் இருவர் எப்போதும் களத்தில், ஒரு தடவைக்கு இருவருக்கு மேல் மாற்றுவதில்லை. இதுதான் பெரும்பாலான நம் அணிகளுக்குப் பொருந்தும்.

ஆளை மட்டும் பார்க்காமல் ஐவரின் சேர்க்கையைப் பார்க்க ஒரு மலிவான கருவி உண்டு. மேட்சில் இறங்காத ஒரு ஜூனியரிடம் நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மூன்றை எழுதச் சொன்னால் போதும்: கடிகாரம், ஸ்கோர், களத்தில் உள்ள ஐந்து ஜெர்சி எண்கள். ‘6:12, 14-11, 4 7 8 10 15’ என்று ஒரு வரி. அடுத்த வரியில் ‘3:40, 16-19’. இந்த ஐவர் 2 நிமிடம் 32 விநாடியில் 2 எடுத்து 8 கொடுத்திருக்கிறார்கள். ஒரு மேட்சின் நோட்டை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. எதிராளி ஒருவன் தொடர்ந்து இரண்டு மூன்று-புள்ளி போட்டிருந்தாலே இந்தக் கணக்கு சாயும். ஆறேழு மேட்சுக்குப் பிறகு பார்த்தால், நல்ல ஆட்டக்காரர்கள் என்று நாம் சேர்த்து வைத்த இருவர் ஒன்றாக நிற்கும்போதெல்லாம் அணி கீழே போவது தெரியவரும். இருவருக்கும் பால் கையில் வேண்டும், அதுதான் கோளாறு. கோச்சே மேனேஜராகவும் வேன் டிரைவருக்கு பேட்டா கொடுப்பவராகவும் இருக்கும் கல்லூரிகளில் இந்த நோட்டு இன்னும் அவசியம். அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை.

வெளியே எடுக்கும் விதமும் ஒரு தொழில்நுட்பம். பாலை விட்ட அடுத்த விசிலில் எடுத்தால், தப்புக்காக எடுத்தார் என்றுதான் பதியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஷூட்டுக்கும் முன் அவன் கண் பெஞ்சுக்குப் போகும். ஒன்றிரண்டு பொசெஷன் (ஓர் அணி கையில் பந்து இருக்கும் ஒரு முறை) விட்டு எடுத்தால் போதும். அதே ஆள், அதே ஓய்வு, ஆனால் பதிவது வேறு. டிஃபென்ஸில் திரும்பி ஓடாதவனை மட்டும் அந்த நொடியே எடுக்கலாம். அது சீசன் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் சொல்லப்பட்டிருந்தால். வெளியே வருபவனை முதலில் தண்ணீர் குடிக்க விட வேண்டும். மூச்சு வாங்குகிறவன் காதில் பாடம் ஏறாது. பிறகு பக்கத்தில் உட்கார வைத்து ஒரே ஒரு விஷயம். உள்ளே போகிறவனுக்கும் அப்படியே. மாறும்போது இருவரும் பேசிக்கொள்ள வேண்டிய ஒரு வரியைப் பிராக்டிஸிலேயே பழக்கலாம்:

“யாரைப் புடிச்சிருந்தீங்கண்ணா?”

“ஒம்பது. இடது கைக்காரன். வலது பக்கம் தள்ளு.”

இந்த ஒரு வரி இல்லாததால், மாற்றத்துக்கு அடுத்த பொசெஷனிலேயே யாரும் பிடிக்காத ஒருவன் கார்னரில் நின்று நிதானமாக மூன்று புள்ளி போடுவான்.

சென்னை, திருச்சி சிமென்ட் கோர்ட்டுகளில் தசைப்பிடிப்பும் கணக்கில் உண்டு. பிடித்துக்கொண்டு விழுந்தவனிடம் பெஞ்சிலிருந்து யாராவது ஸ்ப்ரேயோடு ஓடினால், உதவி பெற்றவன் வெளியே வந்தாக வேண்டும். டைம்-அவுட் ஒன்றைச் செலவழித்துத் தேற்றினால் மட்டுமே தக்கவைக்கலாம். அதனால் ஓடுவதற்கு முன் ஒரு மூச்சு நிதானம் தேவை, தானே எழுகிறானா என்று. தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி மாதிரி நாக்-அவுட்டில் தொடங்கி, கடைசி 4 அணிகள் லீக் ஆடும் இடங்களில் 200 நிமிடக் கணக்கை ஒரு மேட்சுக்குப் போடாமல் வாரம் முழுவதற்கும் போட வேண்டியிருக்கும். முதல் சுற்றில் 25 புள்ளி முன்னிலை வந்த பின்னும் முதல் கார்டைக் களத்தில் வைத்திருப்பவர், கடைசி லீக் மேட்சின் நான்காவது குவார்ட்டரை அன்றே செலவழித்துவிட்டார்.

கடைசி 2 நிமிடத்தில் டிஃபென்ஸுக்கு ஒருவன், அஃபென்ஸுக்கு ஒருவன் என்று மாற்றி விளையாடத் திட்டமிடுபவர்கள் ஒரு விதியை மறக்கிறார்கள். கூடை வாங்கிய அணிக்குத்தான் அப்போது ஆள் மாற்ற உரிமை. போட்ட அணி மாற்ற வேண்டுமென்றால், வாங்கியவர்கள் மாற்றினாலோ டைம்-அவுட் எடுத்தாலோதான் முடியும். நாம் கூடை போட்டு ஒரு புள்ளி முன்னே போய்விட்டோம், ஷூட்டரை எடுத்துவிட்டு டிஃபென்டரை விடலாம் என்று அவனை டேபிளுக்கு அனுப்பினால், எதிரணி பேசாமல் பாலை எடுத்து எறிந்துவிடும். களத்தில் நிற்பது அதே ஷூட்டர், அவன் பிடிக்க வேண்டியது அவர்களின் வேகமான கார்டை. இந்த நிலைமைக்காகவே வாரத்தில் ஒரு நாள், 1:30 கடிகாரம் வைத்து, இரண்டு புள்ளி முன்னே, இரண்டு புள்ளி பின்னே என்று மாற்றி மாற்றி ஆட விட்டு, அந்த ஷூட்டரைக் கார்டு மேல் நிறுத்திப் பழக்க வேண்டியிருக்கிறது.