ஓஷன் சிட்டியில் டிக்கெட் இல்லாத மாலைகள்

அமெரிக்காவில் மேரிலாந்து, வர்ஜீனியா பக்கம் குடியிருக்கும் நம் ஆட்களுக்கு, மேரிலாந்தின் கடலோர ஊரான ஓஷன் சிட்டி புதிய ஊர் இல்லை. வாஷிங்டனிலிருந்தோ பால்டிமோரிலிருந்தோ காரில் மூன்று மணி நேரம். சனிக்கிழமை காலை கிளம்பி, கடலில் ஒரு குளியல், ராட்டினத்தில் ஒரு சுற்று, ஞாயிறு மதியம் திரும்பிவிடுவது என்றுதான் பலரும் போகிறார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. அந்த ஊரின் நல்ல பகுதி ஞாயிறு மாலையில்தான் தொடங்குகிறது. வார நாட்களில் நகராட்சியே குடும்பங்களுக்காக நடத்தும் இலவச நிகழ்ச்சிகளைத்தான் சொல்கிறேன். இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் தூத்துக்குடியிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. அம்மாவுக்கு முழங்கால் வலி, மணலில் நடப்பது சிரமம். இத்தனை வயதினரையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு எங்கே போனால் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள் என்று நானும் கணவரும் நிறைய யோசித்தோம். அருங்காட்சியகம் என்றால் சின்னவன் அழுவான். தீம் பார்க் என்றால் பெரியவர்கள் வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்து பைகளைக் காவல் காக்க வேண்டியதுதான். கடைசியில், ஞாயிறு போய் வியாழன் திரும்புவதாக ஓஷன் சிட்டியில் அறை போட்டோம். வார இறுதியை விட வாடகையும் குறைவு.

போகும் வழியில் செசபீக் விரிகுடாப் பாலம். கிட்டத்தட்ட 4.3 மைல் நீளம். முதல் பாலம் 1952-லும், பக்கத்தில் இரண்டாவது 1973-லும் திறந்தார்கள். அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் சோளக்காடுகள், தர்பூசணி விற்கும் கடைகள். 50-ஆம் எண் நெடுஞ்சாலை ஓஷன் சிட்டியில் கடலுக்குப் பக்கத்தில் போய் முடிகிறது. அதன் மறுமுனை கலிபோர்னியாவில். ஊரை விட்டு மேற்கே கிளம்பும் இடத்தில் ‘சாக்ரமெண்டோ 3,073 மைல்’ என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். திரும்பும்போது அதைப் படித்த மகன், வீட்டுக்குப் போகாமல் அப்படியே நேராகப் போய்விடலாம் என்று ஒரே அடம்.

ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், அறை போட உதவும். ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல், மறுபக்கம் விரிகுடா, நடுவே ஒல்லியான மணல் திட்டு. தெருக்களுக்கெல்லாம் எண்கள்தான். தெற்கே விரிகுடாவும் கடலும் சேரும் கடல்வாயில் தொடங்கி வடக்கே 146-ஆம் தெருவில் ஊர் முடிகிறது. அதற்கப்பால் டெலவேர் மாநிலம். குளிர்காலத்தில் ஏழாயிரம் பேர் போல இருக்கும் ஊரில், கோடை வார இறுதிகளில் மூன்று லட்சம் பேருக்கு மேல் கூடுகிறார்கள். பக்கத்து நியூ ஜெர்சியின் பல கடற்கரைகளில் மணலில் கால் வைக்கவே காசு கொடுத்து அட்டை வாங்க வேண்டும். இங்கே கடற்கரை முழுக்க இலவசம். கடற்கரையில் மது குடிக்கவும் தடை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்ல வேண்டியதில்லை.

போய்ச் சேர்ந்த ஞாயிறு மாலையே 125-ஆம் தெருவில் உள்ள நார்த்சைடு பூங்காவுக்குப் போனோம். கோடையில் ஞாயிறுதோறும் அங்கே ‘சண்டேஸ் இன் த பார்க்’ நடக்கிறது. விரிகுடாவை ஒட்டிய புல்வெளி, ஒரு மேடை, ஒரு இசைக்குழு. ஐஸ்கிரீம் வாங்கி அவரவர் விருப்பத்துக்கு மேலே தூவிக்கொள்ளலாம், அதற்கு மட்டும் கொஞ்சம் காசு. பாட்டுக்குக் காசு கிடையாது. அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். “ஏட்டி, டிக்கெட் எங்க வாங்கணும்?” டிக்கெட் இல்லை என்று நான் சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. உள்ளே போய், பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்த பிறகும் யாராவது வசூலுக்கு வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் கழித்து, பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மா எழுந்து தன் பேத்தியோடு ஆட ஆரம்பிக்க, எங்கள் சின்னவன் போய் அவர்களோடு சேர்ந்துகொண்டான். அந்தப் பாட்டியம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் பொது மொழி எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் முழங்காலைத் தட்டிக் காட்டி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இருட்டியதும் விரிகுடா மேல் வாணவேடிக்கை.

மறுநாள் காலை கடற்கரை. அம்மாவை எப்படித் தண்ணீர் வரை கூட்டிப் போவது என்று கவலைப்பட்டேன். நகராட்சியே மணலில் ஓடும் சக்கர நாற்காலி இலவசமாகத் தருகிறது. பெரிய பலூன் போன்ற டயர்கள், மணலில் புதையாது. எண்ணிக்கை குறைவு, முதலில் வருகிறவர்களுக்கே கிடைக்கும் என்பதால் சீக்கிரமாகப் போய்விடுங்கள். அலை வந்து கால் நனைக்கும் இடம் வரைக்கும் அம்மாவை உட்காரவைத்தே தள்ளிப் போனோம். வயதானவர்களை இங்கே கூட்டிவர யோசிக்கிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உயிர்காக்கும் காவலர்கள். 1930-லிருந்து இயங்கும் படை. காலை 10 மணி முதல் மாலை 5.30 வரை உயரமான வெள்ளை நாற்காலிகளில், கடற்கரை நெடுக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் பேசுவது கொடிகளால். இரண்டு கைகளில் இரண்டு சிறு கொடிகள், ஒவ்வொரு நிலைக்கும் ஒரு எழுத்து. பழைய காலத்துக் கப்பல்களில் பயன்பட்ட அதே முறை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா அதைப் பார்த்ததும் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். மதியம் ஒரு சின்னப் பெண் அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டே வந்தாள். காவலர் அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கொடியை வீசினார். அடுத்த நாற்காலி அதை வாங்கி அதற்கடுத்ததற்குச் சொல்ல, கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்மணி மணலில் ஓடி வந்தார். அப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

ஆழமில்லாத இடத்திலும் கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப் போகும் நீரோட்டம் இங்கே உண்டு. அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து வெளியேற வேண்டும். காவலர் நாற்காலியில் ஆள் இல்லாத நேரத்தில் குழந்தைகளைத் தண்ணீரில் விடாதீர்கள். மெரினாவில் ஒவ்வொரு விடுமுறைக்கும் வரும் செய்திகளைப் படித்து வளர்ந்தவள் நான். இந்த நாற்காலிகள் நம் கடற்கரைகளிலும் இப்படி வரிசையாக இருந்தால் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பியிருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு மாலை 27-ஆம் தெருக் கடற்கரையில் குடும்ப விளையாட்டுப் போட்டிகள். மணல்வீடு கட்டுவது, தொடர் ஓட்டம், கயிறு இழுப்பது. எங்கள் தெருவில் பொங்கலுக்கு மைக் செட் வைத்து நடத்துவார்களே, அச்சு அசலாக அதேதான். பெயர் கொடுக்க வேண்டியதில்லை, வந்தவர்களை இரண்டாகப் பிரித்து விடுகிறார்கள். மகளும் கணவரும் ஒரு அணி, நானும் மகனும் எதிரணி. கயிற்றில் நாங்கள் ஜெயித்தோம். பள்ளியில் யாரோடும் அதிகம் பேசாத என் மகள், அன்று பென்சில்வேனியாவிலிருந்து வந்த இரண்டு பெண்களோடு இருட்டும் வரை மணலில் கோட்டை கட்டினாள். கடற்கரையில் பெரிய திரை கட்டிக் குழந்தைகளுக்கான படமும் போடுகிறார்கள். கடற்காற்று ராத்திரியில் ஆகஸ்டிலும் குளிரும், போர்வை எடுத்துப் போங்கள்.

போர்டுவாக் என்ற மரப்பலகை நடைபாதை பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. கிட்டத்தட்ட 3 மைல். நடக்க முடியாதவர்களுக்கு 2024 வரை டிராம் ஓடியது. 1929-லிருந்து இருக்கும் த்ராஷர்ஸ் கடையில் உருளைக்கிழங்கு வறுவல் மட்டும்தான். கெச்சப் கிடையாது, உப்பும் வினிகரும்தான். அம்மா கைப்பையிலிருந்து மிளகாய்ப்பொடியை எடுத்துத் தூவினார்; அப்படித்தான் அது இன்னும் நன்றாக இருந்தது. ட்ரிம்பர் குடும்பத்தின் ராட்டினப் பூங்காவில் 1912-இல் வாங்கிய மரக்குதிரை ராட்டினம் இன்றும் சுற்றுகிறது. குதிரைகளோடு வேறு விலங்குகளும் உண்டு. இதற்கு டிக்கெட் வாங்க வேண்டும்தான், ஆனால் கையால் செதுக்கிய அந்த விலங்குகளுக்காகவே ஒரு முறை ஏறலாம். நடைபாதையின் தெற்கு முனையில், 1891-இல் கட்டிய பழைய கடல் மீட்பு நிலையம் இப்போது அருங்காட்சியகம்.

எங்கள் பயணத்தின் உச்சம் என்று கேட்டால் அப்பா யோசிக்காமல் சொல்வார்: மீன் நிறுக்கும் இடம். ஆகஸ்ட் முதல் பாதியில் திங்கள் முதல் வெள்ளி வரை ‘ஒயிட் மார்லின் ஓபன்’ என்ற தூண்டில் போட்டி நடக்கிறது. 1974-இல் தொடங்கியது. ஐந்து நாட்களில் ஒவ்வொரு படகும் மூன்று நாள் மட்டும் கடலுக்குப் போகலாம். மாலையில் படகுகள் 14-ஆம் தெருவில் விரிகுடாப் பக்கம் உள்ள ஹார்பர் ஐலண்ட் படகுத்துறைக்கு வந்து மீனை நிறுப்பார்கள். பார்க்க யார் வேண்டுமானாலும் போகலாம், கட்டணம் இல்லை. கார் நிறுத்த இடம் கிடைக்காது, கோஸ்டல் ஹைவே பஸ்ஸில் போய் இறங்குவதே நல்லது.

அப்பா திரேஸ்புரத்தில் மீன் ஏலம் பார்த்து வளர்ந்தவர். தோளில் பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு கூட்டத்தின் முன்வரிசைக்குப் போய்விட்டார். முதலில் வந்தது சூரை மீன்கள். “நம்மூர் சூரைதாம்ல, சாப்பாடுதான் நல்லாப் போட்டிருக்காங்க” என்றார் பேரனிடம். பிறகு ஒரு வெள்ளை மார்லின் வந்தது. ஈட்டி போல நீண்ட மூக்கு, நீலம் பாய்ந்த முதுகு. நம் மயில் மீனின் உறவுதான் என்று அப்பா விளக்க, பக்கத்தில் நின்ற உள்ளூர்க்காரர் அதை என்னிடம் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். எடை எண் பலகையில் விழுந்தபோது கூட்டம் எழுப்பிய சத்தத்தில் மகன் காதைப் பொத்திக்கொண்டான்.

மீன்களைக் கொல்கிறார்களே என்று மகள் வருத்தப்பட்டாள். நியாயமான கேள்வி. பிடிபடும் மார்லின்களில் மிகப் பெரும்பாலானவற்றைக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள், விட்டதற்கும் புள்ளி உண்டு. நிறுக்கக் கொண்டுவருவது மிகப் பெரியவற்றை மட்டும்தான். பரிசுத் தொகை லட்சக்கணக்கான டாலர் என்பதால் பெரிய பரிசு பெறுகிறவர்கள் பொய் கண்டறியும் சோதனைக்கு உட்பட வேண்டும். 2016-இல் 28 லட்சம் டாலர் பரிசு இந்தச் சோதனையால் மறுக்கப்பட்டு நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றமும் மறுத்தது சரியென்றே சொன்னது. அப்பாவுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது.

இந்த ஊர் பெரிய மீன்பிடித் துறையானதே ஒரு புயலால்தான். 1933 ஆகஸ்டில் அடித்த புயலில் மணல் திட்டு தெற்கே அறுந்து, விரிகுடாவுக்கும் கடலுக்கும் நடுவே வாய் திறந்தது. அதற்கு முன் படகுகளை அலைக்குள் தள்ளித்தான் கடலுக்குப் போக வேண்டும். புதிய வாயை அரசு கற்சுவர் கட்டி நிலைநிறுத்த, படகுகளுக்குப் பாதுகாப்பான துறை கிடைத்தது. அறுந்து தனியான தெற்குப் பகுதிதான் அசாடீக் தீவு.

வியாழக்கிழமை கிளம்பும் முன் அங்கே போனோம். நேர்வழியில் கண்ணுக்குத் தெரியும் தூரம், பாலம் சுற்றிப் போக வேண்டும். காட்டுக் குதிரைகள் சாலையோரமாக மேய்கின்றன. குறைந்தது 40 அடி தள்ளியே நிற்க வேண்டும், எதுவும் ஊட்டக் கூடாது. ஒரு குட்டி தாயோடு கடற்கரை மணலில் இறங்கிவந்து, குடைகளுக்கு நடுவே நடந்து போனது. எல்லோரும் தாங்களாகவே விலகி வழிவிட்டார்கள். தீவின் வர்ஜீனியாப் பகுதியில் இருக்கும் குதிரைகள் ஷிங்கடீக் ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குச் சொந்தம். ஜூலைக் கடைசியில் குதிரைகளை நீந்தவைத்து ஊருக்குக் கொண்டுவந்து, குட்டிகளை ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் தீயணைப்புப் படையை நடத்துகிறார்கள். 1925-லிருந்து நடக்கும் வழக்கம். பார்க்க விடியற்காலையிலேயே சதுப்பு நிலத்தில் போய் நிற்க வேண்டுமாம். அடுத்த ஜூலைக்கு இப்போதே அங்கே அறை தேடிக்கொண்டிருக்கிறோம். அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏலம் எப்படி விடுகிறார்கள் என்று அவர் பார்த்தாக வேண்டுமாம்.