முடிக்காமல் விட்ட மாடிகள்

2023 நவம்பர் 13, திங்கள், இரவு

சியுதாத் வாயெஸில் பஸ் ஏறியபோது நல்ல வெயில். மலை ஏற ஏறப் பனிமூட்டம் வந்து சன்னலை அடைத்துக்கொண்டது. ஹிலிட்லாவில் இறங்கும்போது தூறல். மெக்சிகோவின் சான் லூயிஸ் போட்டோசி மாநிலத்தில், வாஸ்தெக்கா மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர். தெருக்கள் எல்லாம் ஏற்றம் அல்லது இறக்கம். சமதரை என்பதே கிடையாது.

வழியெங்கும் மொட்டைமாடிகளில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. பணம் வந்தால் அடுத்த தளம் போடலாம் என்று விட்டுவைத்தவை. 20 வருடமாகக் கட்டட வேலை பார்ப்பவனுக்கு இது புதிய காட்சியில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சொன்ன பெயர்தான் புதிது. ஸ்பானிய மொழியில் அவற்றை ‘நம்பிக்கைக் கம்பிகள்’ என்கிறார்கள். நாங்கள் ‘கம்பியை விட்டு வை’ என்று கொத்தனாரிடம் சொல்வதோடு சரி.

நவம்பர் 14, செவ்வாய்

நாங்கள் பார்க்க வந்த லாஸ் போசாஸ் என்ற கான்கிரீட் சிற்பத் தோட்டத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதைப் பார்க்காமல் தேதி குறித்தது நான்தான். “இவ்வளவு தூரம் கூட்டிவந்து பூட்டிய கதவைக் காட்டுகிறாய்” என்றாள் அக்கா. பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

பகலெல்லாம் ஊரைச் சுற்றினோம். நாளை பார்க்கப்போகும் தோட்டத்தின் மேற்பார்வையாளராக இருந்த ப்ளூதார்கோ காஸ்தெலூம் கட்டிய வீடு, கோட்டை மாதிரி ஜன்னல்களும் வளைவுகளுமாக, ஊர் நடுவிலேயே நிற்கிறது. இப்போது தங்கும் விடுதி. ஓவியர் லியோனோரா காரிங்டன் கைப்பட வரைந்த ஓர் உருவமும் அங்கே உண்டு. அவர் பெயரில் 2018-இல் திறந்த அருங்காட்சியகமும் இதே ஊரில்தான்.

தோட்டத்தின் சொந்தக்காரர் எட்வர்ட் ஜேம்ஸ் என்ற ஆங்கிலேயப் பணக்காரர். கவிதை எழுதினார், அவருடைய கவிதையை விட அவர் பணம் கொடுத்து வளர்த்த ஓவியர்களைத்தான் உலகம் அறியும். டாலியும் மக்ரீத்தும் அதில் அடக்கம். கண்ணாடி முன் நிற்கும் ஒருவருக்கு முகம் தெரியாமல் முதுகே தெரியும் மக்ரீத்தின் 1937-ஆம் வருட ஓவியம் இருக்கிறதே, அந்த முதுகு இவருடையதுதான். காஸ்தெலூமை அவர் சந்தித்தது 1945-இல், குயெர்னவாக்காவின் தந்தி அலுவலகத்தில். பிறகு இந்தக் காப்பித் தோட்டத்தை வாங்கி ஆர்க்கிட் வளர்த்தார், ஆயிரக்கணக்கில். 1962-இல் இந்தப் பக்கம் வழக்கமில்லாத உறைபனி விழுந்தது. ஒரே வீச்சில் செடிகள் கருகிப்போயின. இனி கருகாத பூவைச் செய்வோம் என்று கான்கிரீட்டில் இறங்கிவிட்டார்.

கான்கிரீட் கருகாது, சரி. அழியாது என்று யார் அவரிடம் சொன்னார்கள் என்பதுதான் என் கேள்வி.

நவம்பர் 15, புதன்

குழுவாகத்தான் விடுகிறார்கள், கூடவே ஒரு வழிகாட்டிப் பெண். தூறல் நின்றிருந்தது; இலைகள் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. நுழைந்ததும் பாதையோரம் ஏழு பாம்புகள் வரிசையாகத் தலை தூக்கி நிற்கின்றன. ஏழு பெரும் பாவங்களாம். அக்கா ஏழையும் பெயர் சொல்லி எண்ணப் பார்த்து ஐந்தில் நின்றுவிட்டாள்.

காட்டுக்குள் ஏறக்குறைய 80 ஏக்கரில் 36 கட்டுமானங்கள் சிதறிக் கிடக்கின்றன. அருவியும் குளங்களும் நடுவில். போசா என்றால் குளம். சுழன்று மேலேறி ஆகாயத்தில் நின்றுவிடும் படிக்கட்டு, எதையும் தாங்காத தூண்கள், மூங்கில் போல் கணு வைத்து வார்த்த கால்கள். புகைப்படத்தில் பார்த்தபோது கிறுக்குத்தனம் என்றுதான் நினைத்தேன். நேரில் என் கண் போனது வேறிடத்துக்கு.

ஒரு தூணில் கை வைத்தேன். பாசிக்கு அடியில் விரலுக்கு மரத்தின் ரேகை தட்டுப்பட்டது. பலகையின் நரம்பு, முடிச்சு, இரண்டு பலகை சேர்ந்த இடத்தில் கசிந்து இறுகிய சிமென்ட் பாலின் மெல்லிய விளிம்பு. இதழ் இதழாக விரியும் பூவுக்குச் சென்ட்ரிங் அடிப்பது, அதாவது கலவை ஊற்றப் பலகையில் அச்சு கட்டுவது, என்ன வேலை என்று சைட்டில் நின்றவனுக்குத்தான் தெரியும். சதுரத் தூணுக்கே பலகை பிதுங்கிக் கலவை ஒழுகும். இங்கே ஹோசே அகிலார் என்ற தச்சர் அச்சுகளைச் செதுக்கிக் கொடுத்திருக்கிறார்; மற்றவர்கள் கம்பி கட்டி, கலவையைச் சுமந்து, இந்தச் சரிவில் ஊற்றியிருக்கிறார்கள். ஜேம்ஸ் தம்மிடமிருந்த ஓவியங்களை விற்று 50 லட்சம் டாலருக்கு மேல் இதில் கொட்டினார். காகிதத்தில் கிறுக்கியவரைப் பற்றித்தான் எல்லாப் புத்தகமும் பேசுகிறது. எனக்கு அந்தத் தச்சரைப் பார்த்துப் பேச வேண்டும் போலிருந்தது.

இன்னொரு தூணில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி எட்டிப் பார்க்கிறது. கம்பியை மூடும் கான்கிரீட் கனம் போதாமல் ஈரம் உள்ளே போனால் இரும்பு துருவேறும். துரு பருத்துக் கான்கிரீட்டை வெளியே தள்ளும். சைட்டாக இருந்தால் எனக்கு இரத்தம் கொதித்திருக்கும். இங்கே அந்த வெடிப்பில் சுண்டுவிரல் உயரப் பெரணி ஒன்று சுருள் பிரியாமல் நின்றது. அதைப் பிடுங்குவதா, விடுவதா? 2007-இல் ஓர் அறக்கட்டளை இந்த இடத்தை வாங்கிப் பராமரிக்கிறது. பாசியை முழுக்கச் சுரண்டினால் பார்க்க வந்தது போய்விடும். விட்டால் தூணே போய்விடும். அந்தப் பொறுப்பை எனக்குக் கொடுத்தால் வாங்க மாட்டேன்.

இதை யோசித்தபடி பின்னால் அடி வைத்தவன் பாசியில் வழுக்கி உட்கார்ந்தேன். முழங்கையில் சிராய்ப்பு. “விடுமுறைக்கு வந்தாயா, சைட் பார்க்க வந்தாயா?” என்று அக்கா கைகொடுத்தாள்.

கடைசியாக ஒரு வீடு. அதன் பெயரே ‘மூன்று தளம் கொண்ட, உண்மையில் ஐந்தோ நான்கோ ஆறோ ஆகப்போகிற வீடு’. கட்டிக்கொண்டே இருந்தார்கள், 1984-இல் ஜேம்ஸ் இறந்தார், வேலை நின்றது. அண்ணாந்து எண்ணினேன், நான்கு. அக்கா எண்ணினாள், மூன்று. ஒன்று தளமா வெறும் திண்டா என்று பனி இறங்கும் வரை வாக்குவாதம்.

நவம்பர் 16, வியாழன்

காலை பஸ்ஸில் திரும்புகிறோம். முழங்கை எரிகிறது. ஊர் முடியும் இடத்தில் ஒரு வீடு. மாடியில் நீட்டிய கம்பிகளில் கயிறு கட்டி ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“இந்த வீடு எத்தனை மாடி?” என்றாள் அக்கா.

“தரைத்தளம் மட்டும்தான்.”

கம்பிகளை ஒரு முறை பார்த்துவிட்டு, “இரண்டு” என்றாள்.